பனை உழவாரன், பதினான்காம் வடிவம்

பகலில் கணபதியில் பம்புக்கு இறக்கை வரைகிறேன்.
இம்பெல்லர் என்று எழுதினால்தான் பில் போடுவார்கள்.
ராத்திரி பதினொன்றுக்கு மேல்
அதே விரல், அதே மவுஸ்,
இல்லாத வானத்துக்கு இறக்கை.

ஆயிரம் அடிக்குக் கீழேயிருந்து தண்ணியைத் தூக்குவதும்
காற்றைப் பிடித்து உடம்பைத் தூக்குவதும்
கிட்டத்தட்ட ஒரே கணக்கு என்றால்
ஃபோர்மேன் ஆறுச்சாமி கேட்கிறார்:
"அந்தப் பிளேனுக்கு சீல் யாருங்க போடறது?"

ஓட்டுவது பொங்கியண்ணன்.
சோமனூரில் எட்டுத் தறி.
இருபத்து நாலு வயசுக்கு அந்தப் பேர் தொளதொளவென்று இருப்பதால்
திரையில் வெறும் பொங்கி.
நூல் அறுந்ததைச் சத்தத்தில் பிடிக்கிற காது.
இறக்கை நெளிந்தால்
மீட்டர் காட்டுமுன் சொல்லிவிடுவான்:
"லோகா, எடப்பக்கம் என்னமோ மொனகுது."

எட்டுச் சுற்று, ஆறு கம்பம்.
ஒவ்வொரு கம்பத்திலும் விமானம்
தன்னைப் போல் ஒன்பது பேரைச் சுமக்கும்.

ஒன்பதாம் வடிவம் அழகி.
பிளேடு போல இறக்கை.
தகுதிச் சுற்றில் அந்த நேரத்தை யாரும் தொடவில்லை,
மறுநாள் நாங்களும் தொடவில்லை:
மூன்றாம் கம்பத்தில்
ஆடிக்காற்றுக்கு நேந்திரன் சாய்கிற மாதிரி
அடியோடு முறிந்தாள்.
பத்தில் நடுத்தண்டைத் தடிப்பாக்கினேன்;
பிழைத்தது, தவழ்ந்தது.
பதினொன்றில் ரேடியேட்டர் வாயைச் சுருக்கினேன்.
வாய் சிறுத்தால் வேகம் கூடும். கூடியது,
ஆறாம் சுற்று வரைக்கும்.
ஏழில் எஞ்சின் வெந்து நின்றது.
பன்னிரண்டைப் பற்றிப் பேச வேண்டாம்.

அந்த வாரம்
வெள்ளலூர்க்காரர் ஒருத்தர் பம்பைத் திருப்பிக் கொண்டுவந்தார்.
"உள்ளார கூழாங்கல்ல அரைக்கறாப்ல இருக்குதுங்."
கல்லெல்லாம் இல்லை.
உறிஞ்சுகிற பக்கம் யாரோ சின்ன பைப்பை மாட்டியிருக்கிறார்கள்.
தண்ணி மூச்சுத் திணறி, கொப்புளித்து வெடித்து
வெண்கலத்தையே தின்றிருக்கிறது.
அரித்த இம்பெல்லரை உள்ளங்கையில் ஏந்தினேன்.
பூச்சி விழுந்த கத்தரிக்காய் போல் ஓட்டை ஓட்டை.

டீ இடைவேளைக்குப் போகவில்லை.

பதின்மூன்றில் வாயை அகலித்தேன்.
நாலு கிலோமீட்டர் வேகம் போனது.
வாலை இழைத்து ஒன்றரையை மீட்டேன்,
மிச்சம் கடன்.
பதினாலில் மூக்கில் கொஞ்சம் எடை வைத்தேன்.
பொங்கி கத்தினான், "இது எருமையாட்டத் திரும்புது."
கை வேர்த்து நழுவினாலும் நேரே போகுமில்ல, என்றேன்.
சூலூர்க் குளத்துமேல் பனை உழவாரன்
சிறகடிப்பதை நிறுத்திவிட்டு
வழுக்கிப் போவதைப் பார்த்ததால் வைத்த பேர்.
அவனுக்கு அந்தப் பேரும் பிடிக்கவில்லை.

இறுதிப் போட்டியன்று
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னலை அறைந்துகொண்டிருந்தது.
போட்டி வானத்தில் காற்றே கிடையாது, அது விதி.
ஐந்தாம் சுற்று, நேர்வழி.
சோமனூரில் கரண்ட் போயிற்று.
எட்டுத் தறியும் ஒன்றாய் நின்ற மௌனம்
மைக் வழியே ஒரு கணம் வந்து
அதுவும் அறுந்தது.

நாலு நொடி.
ஓட்டுபவன் இல்லாத விமானம்
வேறு பன்னிரண்டு விமானங்களுக்கு நடுவே.
ஒன்று.
மூக்கு இறங்கவில்லை.
இரண்டு, இறக்கை சாயவில்லை.
நான் மவுஸை எதற்கு இறுக்கிப் பிடித்தேனோ,
அதில் ஒன்றும் ஓடவில்லை.
கம்பம் கண்ணுக்குத் தெரிந்தபோது
"வந்துட்டேன், வந்துட்டேன்" என்றான்.

ஏழாம் சுற்றில் முன்னால் போனவர்களில்
இருவரின் எஞ்சின் வெந்தது.
சிரிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே சிரித்தேன்.

மூன்றாம் இடம்.
பொங்கிக்கு அதைப் பேச நேரமில்லை.
"கரண்ட் வந்துருச்சு, தறியப் போடோணும்."

கோப்பைத் திறந்து
பதினைந்து என்று பேர் கொடுத்துச் சேமித்தேன்.
உள்ளே இன்னும் ஒன்றும் மாற்றவில்லை.
இடப்பக்கம் அந்த முனகல்
அப்படியேதான் இருக்கிறது.